நானு ஓயா நீர்த்தரத் தரவு: பி.சி.ஏ, சுட்டெண் எல்லாம் போட்டாச்சு, இனி என்ன செய்யலாம்?

நானுஓயாக்கரை
வணக்கம். கிரகரி வாவி வடிகால், அதற்குக் கீழே மரக்கறிக் காணிகள் தாண்டி ஓர் இடம், நானுஓயா டவுனுக்கு மேலே, டவுனுக்குக் கீழே, கடைசியாக தலவாக்கலையில் கொத்மலை ஓயாவோடு சேரும் முன். இப்படி ஐந்து இடத்தில் மாதம் ஒருமுறை, 24 மாதத் தரவு கையில் இருக்கு. வெப்பநிலை, பி.எச், கடத்துதிறன், கலங்கல், கரைந்த ஒட்சிசன், பி.ஓ.டி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க இழுக்கும் ஒட்சிசன்), நைட்ரேட், பொஸ்பேட், அமோனியா, ஈ.கோலி என்று பத்து அளவுகள். எஸ்.பி.எஸ்.எஸ் மென்பொருளில் பி.சி.ஏ (சேர்ந்து ஏறி இறங்கும் அளவுகளைச் சில கூறுகளாகத் தொகுக்கும் பகுப்பாய்வு) போட்டதில் மூன்று கூறு வந்தது. எல்லா அளவையும் ஓர் எண்ணாக்கும் நீர்த்தரச் சுட்டெண் போட்டால் ஐந்து இடமும் "நல்லது" என்கிறது, டவுனுக்குக் கீழே மணக்கிற தண்ணிக்கும் அதே தரம்தான். மூன்று கேள்வி: மாசு எந்த இடத்தில் கூடுகிறது, காணியா டவுனா காரணம், இரண்டு வருடத்தில் நிலைமை மோசமாகியிருக்கா? பொஸ்பேட் பாதிக்கு மேல் "கண்டறியப்படவில்லை", ஈ.கோலியில் நிறைய "2419.6-க்கு மேல்".

இடையம்
பி.சி.ஏ-வை மூடி வைத்துவிட்டு முதலில் தாளைத் திருத்துங்க. ஒரு வரிசைக்கு ஓர் அளவீடு: இடம், திகதி, நேரம், அளவு, பெறுமானம், அலகு, குறி. அந்தக் "குறி" நிரல்தான் முக்கியம். கண்டறி எல்லைக்கு (ஆய்வுகூடம் காணக்கூடிய ஆகக்குறைந்த அளவு) கீழே என்றால் பெறுமானத்தில் எல்லையை எழுதி, குறியில் "<" போடுங்க. 2419.6-க்கு மேல் என்றால் ">". எக்ஸெல் கட்டத்துக்குள் "<0.05" என்று சேர்த்து எழுதினால் மென்பொருள் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அந்த வரிசை சத்தமில்லாமல் கழிந்துபோய், சராசரி செயற்கையாகக் கூடும்.

அடுத்து நைட்ரேட் அலகு. நைதரசனாகவா, நைட்ரேட்டாகவா? 1 மி.கி. நைட்ரேட்-நைதரசன் என்பது 4.43 மி.கி. நைட்ரேட். எஸ்.எல்.எஸ் 614 குடிநீர் நியமத்தின் 50 மி.கி./லீ. எல்லை நைட்ரேட்டுக்கு. நைதரசனாகச் சொன்னால் அது 11.3. நடுவில் ஆய்வுகூடம் மாறியிருந்தால் இந்த இரண்டும் கலந்திருக்க நிறைய வாய்ப்பு. படம் போட்டுப் பார்த்தால் ஒரு மாதத்தில் நான்கு மடங்குக்கு மேல் படி ஏறினதுபோல் தெரியும்.

நானுஓயாக்கரை
நன்றி அண்ணே. ஆய்வுகூடம் ஒன்றுதான், ஆனால் இரண்டாம் வருடம் பொஸ்பேட் கண்டறி எல்லை 0.05-லிருந்து 0.02-க்கு இறங்கியிருக்கு. இப்போதைக்குக் கண்டறியாததுக்கெல்லாம் எல்லையில் பாதி போட்டிருக்கேன்.

இடையம்
//எல்லையில் பாதி போட்டிருக்கேன்//
இது ஒன்றே போதும் "பொஸ்பேட் குறைகிறது" என்று பொய்ப்போக்கு காட்ட. முதல் வருடம் எல்லாம் 0.025, இரண்டாம் வருடம் எல்லாம் 0.01. ஓயாவில் எதுவும் மாறவில்லை, கருவிதான் மாறியிருக்கு. நியமவிலகலும் கெட்டுப்போகும், ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதால்.

கண்டறியாதது பாதிக்குக் கீழே என்றால் கப்லான்–மேயர் முறையில் (கண்டறியாததுக்கு எண் போடாமலே கணக்கில் சேர்ப்பது) இடையமும் (நடுப்பெறுமானம்) இடையும் (சராசரி) எடுக்கலாம். 50 முதல் 80 வீதம் வரை என்றால் ஆர்.ஓ.எஸ் எனும் வரிசைப் பிற்செலவு முறை (கண்டறிந்தவற்றின் பரம்பலை வைத்து மிச்சத்தை மதிப்பிடுவது). 80 வீதத்துக்கு மேல் என்றால் இடை, இடையம் எதுவும் வேண்டாம், "எத்தனை வீதம் கண்டறியப்பட்டது" என்று மட்டும் எழுதுங்க. ஆர் மென்பொருளில் இதற்கென்றே பொதிகள் உண்டு. போக்கு பார்க்கும்போது மட்டும், 0.05-க்குக் கீழுள்ள எல்லாவற்றையும், இரண்டாம் வருடத்து 0.03-ஐயும் சேர்த்து, "0.05-க்குக் கீழே" என்று ஒரே சமநிலையாக்கணும். தகவல் கொஞ்சம் போகும், பொய் போகும்.

ஈ.கோலி மறுபக்கம். 2419.6-க்கு மேல் என்பது குவான்டி-ட்ரே/2000 தட்டின் (குழிகளை எண்ணி ஈ.கோலியைக் கணிக்கும் தட்டு) எல்லாக் குழியும் புற ஊதா ஒளியில் ஒளிர்ந்தால் வரும் முடிவு. உண்மை 3,000-ஆகவும் இருக்கலாம், 3,00,000-ஆகவும் இருக்கலாம். இப்படி நிறைய வந்தால் பெருக்கலிடை எடுத்தும் பிரயோசனமில்லை. இனிமேல் டவுனுக்குக் கீழுள்ள மாதிரியை 1:100 ஐதாக்கி அனுப்பச் சொல்லுங்க.

மழைமானி
மாதிரி எடுத்த நேரத்தில் ஓயாவில் எவ்வளவு தண்ணி ஓடியது என்று ஏதாவது குறிப்பு இருக்கா? இல்லையென்றால் உங்க மூன்று கேள்வியில் இரண்டுக்குப் பதில் கிடையாது.

மலைநாட்டில் பெறுமானம் ஏறி இறங்குவதில் பெரும்பங்கு மழையால்தான். கான் தண்ணி, மலசலகூடக் குழிக் கசிவு போல எந்நேரமும் ஒரே அளவில் விழுகிற மாசு என்றால், ஓட்டம் கூடும்போது செறிவு குறையும். காணியிலிருந்து கழுவி வருவது என்றால் ஓட்டத்தோடு செறிவும் கூடும். மடக்கை-செறிவு, மடக்கை-ஓட்டம் வரைந்து சரிவைப் பாருங்க. கிட்டத்தட்ட −1 என்றால் வெறும் ஐதாக்கம், அதாவது நிலையான ஊற்று. 0-க்குப் பக்கம் என்றால் ஓட்டம் எதையும் மாற்றவில்லை. நேர்ச்சரிவு என்றால் கழுவல். டவுனா காணியா என்ற கேள்விக்கு உங்க பி.சி.ஏ-வைவிட இந்த ஒரு படம் நேர்மையாகப் பதில் சொல்லும்.

இன்னொன்று. மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் இடைப்பருவ மழை பின்னேரத்தில்தான் இடியோடு கொட்டும். நீங்க காலையில் எடுத்திருந்தால் மரக்கறிக் காணியிலிருந்து மண்ணும் உரமும் இறங்கும் அந்த இரண்டு மூன்று மணித்தியாலம் உங்க தரவில் இல்லவே இல்லை. அதை எந்தப் புள்ளிவிபரமும் பின்னால் உண்டாக்கித் தராது.

நானுஓயாக்கரை
ஓட்டம் அளக்கவில்லை. மழை அளவு பக்கத்துத் தோட்டத்தில் எடுக்கிறாங்க, கேட்டால் தருவாங்க. மாதிரி எப்போதும் வாவியிலிருந்து தொடங்கி கீழே இறங்கிக்கொண்டே போவோம். காலை 7-க்கு வாவி, தலவாக்கலைக்கு வரும்போது மத்தியானம்.

மழைமானி
மழை கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மாதிரிக்கு முந்தைய 24 மணி, 72 மணி, 7 நாள் மழை என்று மூன்று நிரல் சேருங்க. 72 மணி மழை 5 மி.மீ-க்குக் கீழே என்றால் "காய்ந்த நாள்", மேலே என்றால் "ஈர நாள்" என்று பிரித்து எல்லாப் படத்தையும் இரண்டாகப் போடுங்க. அந்த 5 வேதவாக்கு இல்லை, உங்க இடத்துக் கடத்துதிறன் எந்த மழையில் விழத் தொடங்குதோ அதை எடுங்க.

நேரம் பற்றி: வாவி எப்போதும் காலை, தலவாக்கலை எப்போதும் மத்தியானம். பாசி இராத்திரி ஒட்சிசனை இழுத்து, வெயில் ஏறினதும் விடும். ஆகவே அதிகாலையில் ஒட்சிசன் அடிமட்டம். "வாவி வடிகால் ஒட்சிசன் குறைவு, கீழே போகப்போகத் தேறுகிறது" என்ற முடிவில் எவ்வளவு இடம், எவ்வளவு மணிக்கூடு என்று பிரிக்க முடியாது. சில மாதமாவது தலவாக்கலையில் தொடங்கி மேலே ஏறுங்க.

குடுவை
ஒட்சிசன் பேச்சு வந்ததால் சொல்கிறேன், நிரம்பல் வீதம் (தண்ணி தாங்கக்கூடிய ஒட்சிசனில் எத்தனை வீதம் உண்டு) கணக்குப் போடும்போது கடல்மட்ட அட்டவணையை எடுத்தீங்களா? நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தின் 80 வீதம்தான். 15 பாகையில் கடல்மட்ட நிரம்பல் 10.1 மி.கி./லீ., நுவரெலியாவில் ஏறத்தாழ 8.0. கடல்மட்ட அட்டவணை போட்டால் நல்ல தண்ணிக்கும் 80 வீதம் என்று வந்து மாசு மாதிரித் தெரியும். தலவாக்கலை 1,200 மீற்றர் சுமார், 20 பாகையில் நிரம்பல் 7.9 வரும். குளிரும் உயரமும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் இரண்டு இடத்திலும் உச்சம் ஒன்றுதான். கையடக்கக் கருவியை ஒவ்வோர் உயரத்திலும் அமுக்கம் திருத்தி அளவுதிருத்தம் செய்யணும். ஒரே திருத்தத்தோடு மேலிருந்து கீழே போனால் தலவாக்கலையில் எட்டு வீதம் வரை பிழைக்கும்.

பி.எச் பற்றியும் ஒரு வார்த்தை. மலை ஓடையில் அயன் குறைவு, கடத்துதிறன் 100-க்கும் கீழே இருக்கும். சாதாரண மின்வாய் அப்படியான தண்ணியில் நிலைக்க நிமிடக்கணக்கில் எடுக்கும். எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதினால் 0.3, 0.4 சும்மா பிசகும். அந்தப் பிசகைப் பிறகு "இட வேறுபாடு" என்று விளக்குவோம்.

அப்புறம், பி.ஓ.டி, ஈ.கோலி மாதிரிகள் ஐஸ் பெட்டியில் எத்தனை மணிக்கு ஆய்வுகூடம் சேருது? ஈ.கோலிக்கு 6 மணித்தியாலத்துக்குள் சேரணும். காலை 7-க்கு எடுத்த வாவி மாதிரியும் மத்தியானம் எடுத்ததும் ஒரே வாகனத்தில் கண்டிக்குப் போனால், முதல் போத்தல் ஐந்து மணித்தியாலம் கூட வயதானது. இதுவும் இடத்தோடு பின்னிக்கொள்ளும். பத்து மாதிரிக்கு ஓர் இரட்டை (அதே இடத்து இன்னொரு போத்தல்), ஒரு வெற்றுப் போத்தல் (சுத்த நீர் மட்டும்) கட்டாயம். பொஸ்பேட் போத்தலைச் சவர்க்காரத்தூளில் கழுவாதீங்க, அமிலத்தில் கழுவுங்க.

புள்ளிக்கோலம்
எல்லாரும் பி.சி.ஏ-வை ஏன் இப்படி விரட்டுறீங்க? பத்து அளவை ஒரே பார்வையில் பார்க்க அதைவிட வசதி எது? எந்த அளவுகள் சேர்ந்து ஆடுது என்று காட்டும், தேவையில்லாத சோதனையை அடுத்த வருடம் குறைக்கலாம். பணம் இல்லாத இடத்தில் அது சின்ன விஷயமா?

இடையம்
அதற்கு மட்டும் என்றால் சரி, மறுக்கவில்லை. சண்டை பெயர் வைப்பதில்தான். முதல் கூறில் கலங்கலும் ஈ.கோலியும் பொஸ்பேட்டும் ஏறியிருக்கும், உடனே "விவசாயக் காரணி" என்று எழுதிவிடுவோம். அது வேறொன்றுமில்லை, மழை. மழை பெய்தால் மண், சாணம், கோழி எரு, குழிக் கசிவு எல்லாம் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். காரணம் ஒன்றா நான்கா என்று அந்தக் கூறுக்குத் தெரியாது.

செய்வதென்றால் இப்படி: ஈ.கோலி, கலங்கல், அமோனியா, போஷணைகள் மடக்கையில்; பிறகு எல்லாம் நியமப்படுத்தி; பாதிக்கு மேல் கண்டறியாத பொஸ்பேட் வெளியே. 120 வரிசை இருக்கென்று 120 சுயாதீன மாதிரி என எண்ண வேண்டாம், ஒரே நாள் ஐந்து இடம் ஒரே மழையைத்தான் பார்த்தது. ஐகன் பெறுமானம் (ஒரு கூறு எவ்வளவு ஆட்டத்தை விளக்குகிறது என்ற எண்) 1-க்கு மேல் என்ற வழமை கூறுகளைத் தேவைக்கு மேல் பிடிக்கும். ஹோர்ன் 1965-ல் சொன்ன சமாந்தரப் பகுப்பாய்வில் (எழுமாற்றுத் தரவின் கூறுகளோடு ஒப்பிடுவது) எத்தனை மிஞ்சுது பாருங்க. மூன்று ஒன்றரையாகிப் போனாலும் ஆச்சரியமில்லை.

புள்ளிக்கோலம்
ஒன்றரைக் கூறா 😀 சரி, காய்ந்த நாளுக்கும் ஈர நாளுக்கும் தனித்தனியே பி.சி.ஏ போட்டால்?

இடையம்
அது நல்ல யோசனை. மழையின் ஆட்டம் கழிந்த பிறகும் காய்ந்த நாட்களில் அமோனியாவும் ஈ.கோலியும் பி.ஓ.டி-யும் சேர்ந்தே நின்றால் கழிவுநீரைச் சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான், கோழி எருவிலும் ஈ.கோலி உண்டு.

கான்வெட்டி
குளோரைட்டு சேர்த்து அளந்தால் கழிவுநீர் பிடிபடும் என்பார்கள். இங்கே அது சரிவராது. தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் எம்.ஓ.பி பசளையே பொட்டாசியம் குளோரைட்டுதானே.

புள்ளிக்கோலம்
சுட்டெண் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிரதேச சபைக் கூட்டத்தில் பத்து வரைபடம் காட்டினால் யாரும் பார்க்கமாட்டாங்க. ஓர் எண், ஒரு நிறம் வேணும்.

மழைமானி
ஓர் எண் வேணும்தான், ஆனால் இந்த எண் இல்லை. நிறைகூட்டிச் சராசரி எடுக்கும் சுட்டெண்ணில் ஒன்பது அளவு 90 புள்ளி, ஈ.கோலி 5 புள்ளி, எல்லாவற்றுக்கும் சம நிறை என்று வைத்துக்கொள்வோம். (9 × 90 + 5) ÷ 10 = 81.5. "நல்லது". குடித்தால் வயிற்றோட்டம். கேள்வியில் வந்த "ஐந்து இடமும் நல்லது" இதுதான். மலை ஓடையில் பி.எச், வெப்பநிலை, கடத்துதிறன் எல்லாம் இயல்பாகவே நல்ல புள்ளி வாங்கும், அந்தத் திரைக்குப் பின்னால் கெட்டது ஒளிந்துகொள்ளும்.

சபைக்கு ஓர் எண் தருவதென்றால் "எல்லை மீறிய வீதம்" கொடுங்க, நம்பிக்கை எல்லையோடு. 24-ல் 9 தடவை மீறல் என்றால் 37.5 வீதம், 95 வீத நம்பிக்கை எல்லை வில்சன் முறையில் ஏறத்தாழ 21 முதல் 57. அகலம் பெரிசு என்று கூச்சப்படாதீங்க, 24 மாதிரி அவ்வளவுதான் சொல்லும். இன்னொரு பக்கம், 12 மாதிரியில் ஒருதடவையும் மீறவில்லை என்றால் "மீறலே இல்லை" என்று எழுதக்கூடாது. ஒருதடவையும் மீறாதபோது 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுப்பது வழமை: 3 ÷ 12, உண்மை மீறல் வீதம் கால்வாசி வரை இருக்க இடமுண்டு.

எந்த எல்லை என்பதையும் எழுதணும். ஓயாவுக்கு 2019-ல் வர்த்தமானியில் வந்த சுற்றாடல் நீர்த்தர ஒழுங்குவிதிகள், பயன்பாட்டு வகையைப் பொறுத்தது. 2008 ஒழுங்குவிதியின் பி.ஓ.டி 30 மி.கி./லீ. என்பது ஓயாவில் விடும் கழிவுநீருக்கு. அந்த 30-ஐ எடுத்து ஓயாத் தண்ணிக்கு ஒப்பிட்டு "எல்லைக்குள்" என்று எழுதிய அறிக்கை நிறைய உலாவுது.

நானுஓயாக்கரை
அப்படியானால் டவுனுக்கு மேல், கீழ் வேறுபாட்டை எப்படிச் சோதிப்பது? இரண்டு சராசரிக்கு டி-சோதனை போட்டேன், பி பெறுமானம் 0.3 (0.05-க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் என்று எடுப்பார்கள்). கண்ணுக்குத் தெரியிற வித்தியாசம் கணக்கில் வரவில்லை.

இடையம்
சோடியாக இருப்பதைப் பிரித்துப் போட்டதால். மாதத்துக்கு மாதம் மழையால் வரும் ஆட்டம் டவுனின் விளைவை முழுங்கிவிட்டது. ஒவ்வொரு மாதமும் கீழ் ÷ மேல் விகிதம் எடுங்க, மடக்கை எடுங்க, 24 எண் கிடைக்கும். அதற்கு வில்கொக்சன் குறியிட்ட தரவரிசைச் சோதனை. மழை இரண்டு இடத்துக்கும் பொது, பெரும்பாலும் கழிந்துபோகும். முடிவை "இடைய விகிதம் இவ்வளவு மடங்கு" என்று சொல்லலாம், யாருக்கும் புரியும். "மேல்" இடத்தில் கண்டறியாத மாதங்களுக்கு விகிதம் கிடையாது. கீழே கண்டறிந்த, எல்லையைத் தாண்டிய மாதங்களைக் "கீழே கூட" என்று எண்ணி வெறும் குறிச் சோதனை.

காய்ந்த நாள், ஈர நாள் என்று பிரிக்கும்போது சோடி எண்ணிக்கை ஆறுக்குக் குறையவிடாதீங்க. ஐந்து சோடியில் ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் இருபக்கப் பி பெறுமானம் 2 ÷ 32 = 0.0625. 0.05-ஐத் தொடவே முடியாது. ஆறு என்றால் 2 ÷ 64 = 0.031. ஒரே நேரம் ஒரே இடத்தில் மூன்று போத்தல் நிரப்பி மூன்று மாதிரி என்று எண்ணுவதும் செல்லாது, அது ஒன்றுதான்.

பத்து அளவு, நாலு அடுத்தடுத்த சோடி, மொத்தம் 40 சோதனை. ஓயாவில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 0.05-ல் இரண்டு "பொருண்மை" தானாக வரும். ஹோம் முறையோ பெஞ்சமினி–ஹொக்பேர்க் முறையோ போட்டுத் திருத்துங்க. அதைவிட நல்லது, எந்த மூன்று அளவை எந்தச் சோடியில் கேட்கிறோம் என்று தரவைத் திறக்கும் முன்பே எழுதிவைப்பது.

மழைமானி
கூடவே பயண நேரம். மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும் 3 கி.மீ., தண்ணி செக்கனுக்கு அரை மீற்றர் என்றால் 6,000 செக்கன், 100 நிமிடம். அதே தண்ணியைக் கீழே பிடிக்க அவ்வளவு காத்திருக்கணும். காய்ந்த நாளில் பரவாயில்லை. மழை நாளில் பத்து நிமிட இடைவெளியில் எடுத்தால் இரண்டும் வெவ்வேறு தண்ணி.

வாவி வடிகாலை "சுத்தமான மேலிடம்" என்று ஒப்பிடவும் வேண்டாம். வாவிக்கே நுவரெலியா டவுன் கான்கள் வருது. மண்ணை அடியில் படியவிட்டுப் பாசியை வெளியே அனுப்பும் இடம் அது, ஓடையின் குணம் அதற்கு இல்லை.

கான்வெட்டி
ஏப்ரல் மாதத்தை மறக்காதீங்க. வசந்த கால சனம் முழுக்க நுவரெலியாவில், மழை பிந்தினால் ஓயாவில் தண்ணியும் குறைவாக இருக்கலாம். அமோனியா ஏறினால் சனமா, தண்ணிக் குறைவா? செறிவை விட்டுச் சுமையைப் பாருங்க. 2 மி.கி./லீ. × செக்கனுக்கு 1.5 கனமீற்றர் = செக்கனுக்கு 3 கிராம், நாளுக்கு 259 கிலோ. செறிவு இரட்டித்து சுமை அப்படியே நின்றால் சனத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

நானுஓயாக்கரை
இரண்டு வருடப் போக்கு? பருவக் கெண்டல் (அதே மாதத்தை வருடத்துக்கு வருடம் ஒப்பிடும் போக்குச் சோதனை) போடலாமா?

இடையம்
போடலாம், எதைச் சொல்லும் என்று தெரிந்து போடுங்க. இரண்டு வருடம் என்றால் ஜனவரிக்கு ஜனவரி, பெப்ரவரிக்கு பெப்ரவரி என்று 12 ஒப்பீடு மட்டும். ஒவ்வொன்றின் மாறற்றிறனும் 1, மொத்தம் 12. பன்னிரண்டில் 10 மாதம் கூடி 2 குறைந்தால் எஸ் = 10 − 2 = 8, இசட் = (8 − 1) ÷ √12 = 2.02. அப்போதுதான் பி பெறுமானம் 0.05 என்ற கோட்டைத் தாண்டிக் கீழே வரும். ஒன்பது மாதம் கூடினாலும் தாண்டாது. தாண்டினாலும் அது போக்கு இல்லை, "இரண்டாம் வருடம் முதல் வருடத்தைவிடக் கூட" என்பது மட்டும், காரணம் மழை குறைந்ததாகவும் இருக்கலாம். மழைக்கோ ஓட்டத்துக்கோ லோவெஸ் வளைவு (தரவின் போக்கிலேயே வளையும் மென்கோடு) பொருத்தி, எச்சத்துக்கு (வளைவு விளக்காத மிச்சம்) கெண்டல் போடுங்க. ஐந்து வருடத்துக்குக் குறைவாகப் போக்கு என்ற சொல்லையே நான் எழுதமாட்டேன்.

பழைய தரவோடு இணைக்கும் எண்ணம் இருந்தால் 2021 மே முதல் நவம்பர் வரை இரசாயனப் பசளை இறக்குமதித் தடை இருந்த காலத்தைத் தனியாகக் குறியுங்க. தலவாக்கலைக்குக் கீழே போனால் 2012-ல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும். அந்த இரண்டுக்கும் குறுக்கே நேர்கோடு இழுத்தால் கோடு வரும், அர்த்தம் வராது.

நானுஓயாக்கரை
சரி. இந்த வருடம் ஐந்து இடத்தை மூன்றாக்கி, மிஞ்சும் காசில் பின்னேர மழைக்கு மாதிரி எடுக்கப் போகிறேன். ஓட்டத்துக்குக் கருவி இல்லை, என்ன செய்யலாம்?

மழைமானி
நேரான, வேர் கல் இல்லாத 10 மீற்றர் துண்டு பாருங்க. தோடம்பழம் ஒன்றை மேலே விட்டு நேரம் எடுங்க. பெரும்பாகம் தாழ்ந்து மிதப்பதால் காற்று அதிகம் இழுக்காது. ஐந்து தடவை விட்டு இடையம். குறுக்கே அரை மீற்றருக்கு ஒருதடவை ஆழம் அளந்து வெட்டுப்பரப்பு. வேகம் × பரப்பு × 0.85. கல் நிறைந்த ஆழமில்லாத இடத்தில் 0.85 அதிகம், 0.7 பக்கம் எடுங்க. இதை நீர்மட்டம் குறைவு, நடு, நிறைவு என்று எட்டுப் பத்து தடவை செய்தால் மட்டம்–ஓட்ட வளைவு கிடைக்கும், பிறகு மட்டத்தை வாசித்தாலே போதும். வெள்ளத்தில் தண்ணிக்குள் இறங்க வேண்டாம், அப்போது மட்டம் மட்டும்.

கான்வெட்டி
மட்டக்கோலைப் பாலத்துத் தூணின் கீழ்ப்பக்கத்தில் அடியுங்க. மேல்ப்பக்கம் அடித்தால் அலை ஏறி 10 செ.மீ. கூடக் காட்டும், முதல் வெள்ளத்தில் மரக்கட்டை மோதி கோலும் போயிடும். எனாமல் தகடு கிடைக்காவிட்டால் தூணிலேயே 2 செ.மீ. கோடாகப் பெயின்ட். பூச்சியப் புள்ளியைப் பாலக் கைப்பிடியிலிருந்து நாடா விட்டு அளந்து எழுதிவைங்க, பெயின்ட் அழிந்தாலும் அதே பூச்சியத்துக்குத் திரும்பலாம்.